தீவில் நனைந்த பனியன்

எங்கள் சொந்தத்தில் கல்யாணமோ காதுகுத்தோ எதுவானாலும், பந்தி முடிந்து நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு உட்காரும் நேரத்தில் யாராவது அந்தத் தீவுக் கதையை எடுத்துவிடுவார்கள். அதை மிக நன்றாகச் சொல்பவர் என் அத்தை, அப்பாவின் அக்கா. கையை ஆட்டி, குரலை மாற்றி, நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, கேட்பவர்களைக் காக்க வைத்துச் சொல்வார். "கப்பலேறிச் சீமைக்குப் போயி, ஆர்டர் குடுக்கற பையருக்குக் காட்டோணும்னு கொண்டு போன பனியனை எடுத்துப் புள்ளைக்குப் போட்டுக் கடல்ல எறக்கி உட்டுட்டாளுங்க எங்க தம்பி ஊட்டுக்காரி!" என்று முடிக்கும்போது மண்டபமே சிரிக்கும். நாங்கள் போனது விமானத்தில்தான். ஆனால் கதைக்குக் கப்பல்தான் பொருத்தம் என்று அத்தை முடிவு செய்திருந்தார்.

அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். "போங்க, அதையே எத்தன வாட்டி சொல்லுவீங்க" என்பாள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு என் அம்மாவைப் பற்றித் தெரிந்த ஒரே சங்கதி அதுதான். அப்படிக் கடலில் இறக்கி விடப்பட்ட பிள்ளை நான். அப்போது எனக்குப் பத்து முடிந்து பதினொன்று நடந்துகொண்டிருந்தது.

அப்பாவுக்கு வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் பெரிதாகத் தெரியும். ஒரு தகரக் கொட்டகை, இருபது தையல் மெஷின், நடுவில் துணி வெட்டும் நீள மேஜை, ஓரத்தில் டியூப் லைட்டுக்குக் கீழே செக்கிங் மேஜை, இவ்வளவுதான். அந்தச் செக்கிங் மேஜை அம்மாவுடையது. தைத்து வரும் பனியனை ஒரு முறை இந்தப் பக்கம், ஒரு முறை அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாளென்றால் ஊசி ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தானாக அவள் விரலடியில் வந்து நிற்கும். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து எங்களிடம் தைத்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், "அக்கா கண்ணுல தப்பிச்சு ஒரு ஓட்டை வெளிய போயிருமாக்கும்?" என்பார். பாராட்டா புலம்பலா என்று கண்டுபிடிக்க முடியாது.

செக்கிங்கில் கழித்த பனியன்கள்தான் எனக்கு உடுப்பு; எங்களூரில் டீ-ஷர்ட்டும் பனியன்தான். எனக்கு மட்டுமில்லை, என் வகுப்பில் பாதிப் பேருக்கும் அப்படித்தான். எங்களூர்ப் பிள்ளைகள் கடையில் போய்ப் பனியன் வாங்குவது அபூர்வம். ஏதோ ஒரு தேசத்துப் பிள்ளைக்காகத் தைத்து, தோள் கோணியதால் கழிந்ததை, கழுத்திலிருக்கும் லேபிளைக் கட்டரால் வெட்டி எடுத்துவிட்டு நாங்கள் போட்டுக்கொள்வோம். லேபிளோடு போடக் கூடாது. அது பையருடைய பெயர், நமக்கு உரிமையில்லை என்பார் அப்பா. வெட்டின இடத்தில் மிச்ச நூல் குத்திக் குத்தி எங்கள் பின்கழுத்தில் எப்போதும் சொறிந்த தடம் இருக்கும்.

அதுவரை பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு, அந்த வருடம் முதன்முதலாக நேரடியாக ஒரு எக்ஸ்போர்ட் ஆர்டர் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக வரும் சிறுவர் பனியன். கோடையில் வாங்குகிற நாட்டுக் குழந்தைகள் கடற்கரைக்குப் போட்டுக்கொண்டு போவதற்காம். ஆர்டர் துணியிலிருந்தே முதலில் இரண்டு பனியன் தைத்துப் ஹாங்காங்கில் பையருக்கு இருந்த ஆபீசில் காட்ட வேண்டும். அதற்குப் பி.பி. சாம்பிள் என்று பெயர். அவர்கள் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு மொத்தத் துணியையும் வெட்டித் தைக்கலாம். பத்து வயதுக்கான அளவு என்பதால் என்னை வெட்டும் மேஜைமேல் ஏற்றி நிறுத்தி, மாட்டிப் பார்த்து, கையைத் தூக்கச் சொல்லி, திரும்பச் சொல்லித்தான் அந்தப் பனியன் உருவானது. அதனால் அது என்னுடையது என்று எனக்கு உள்ளூர ஓர் எண்ணம் இருந்தது.

துணிக்கு வேண்டிய நூலுக்குச் சாயம் போட்டது அத்தை வீட்டு மாமாவின் சாயப் பட்டறையில். பிறகு என்ன, வெளியிலா போடுவார்கள்? தாயில்லாத அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அத்தை. கம்பெனி ஆரம்பித்தபோது கொட்டகையைக் காட்டி, "இதுல நடத்திக்கடா மாப்பிள்ள" என்று சாவியைக் கொடுத்தவர் மாமா. அப்பாவைப் பொறுத்தவரை அவர்கள் இருவரும் பூஜை அறையில் வைக்க வேண்டியவர்கள், உயிரோடு இருப்பதால் வெளியில் நடமாடுகிறார்கள்.

ஒருநாள் சாயங்காலம் அம்மா சமையலறைத் தொட்டியில் அந்தச் சிவப்பு வெள்ளைத் துணியில் ஒரு துண்டை ஊறப்போட்டிருந்தாள். அப்பா உள்ளே வந்ததும், "ஏனுங்க, இதைச் சித்தெ பாருங்க. சாயம் போவுதுங்க" என்றாள். அப்பா பார்க்கவில்லை. "லேப்புல பாஸ் பண்ணி ரிப்போர்ட்டே வந்துருச்சு, அப்பறம் என்ன?" என்றார்.

"அது மொதல்ல போட்ட சின்ன லாட்டுக்குங்க. இப்ப வந்தது அவசரத்துல சரியா அலசாம வந்துருக்குதுங்க."

"எங்கக்கா ஊட்டுல போட்ட சாயத்தை நீயி குத்தஞ்சொல்றயா? இந்தப் பேச்சை இத்தோட உட்டுரு புள்ள. இது அங்க காதுல உழுந்துச்சுன்னா அந்த ஊட்டு வாசப்படிய நாம மிதிக்க முடியாது."

அம்மா தொட்டியின் அடைப்பை எடுத்துவிட்டாள். நான் அப்போது வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். சாயம் என்பது நம் வீட்டில் பேசக் கூடாத ஒரு கெட்ட வார்த்தை போலிருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் அப்பா சாம்பிளோடு ஹாங்காங் கிளம்ப ஏற்பாடானபோது, ஊட்டிக்குக்கூட ஒரு நாள் போகலாமென்று கேட்டறியாத அம்மா, "நாங்களும் வர்றோமுங்க. புள்ளைக்கு லீவுதானே" என்றாள். அப்பாவுக்கு ஆச்சரியம் பாதி, பெருமை பாதி. பெண்டாட்டி பிள்ளையோடு வெளிநாடு போகும் அளவுக்கு வந்துவிட்டோம் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்கும். அத்தை வந்து, "கூட்டிட்டுப் போடா, அவளும் எங்க போயிருக்கறா" என்று சொல்லி, வழிக்கு முறுக்கும் கொடுத்து அனுப்பினார்.

சனிக்கிழமை காலையில் ஆபீசுக்குப் போனோம். ஆண்பிள்ளை போல முடியை வெட்டியிருந்த ஒரு சீனத்து அம்மாள்தான் அங்கே எல்லாம். அவருக்கு மேலே இருக்கிற ஒருவர் திங்கட்கிழமைதான் வருகிறாராம், அன்றைக்குப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார். அப்பாவின் முகம் தொங்கிவிட்டதைப் பார்த்து, ஒரு காகிதத்தில் படகுத்துறையின் பெயரை எழுதிக் கொடுத்தார். பக்கத்தில் ஒரு தீவு இருக்கிறது, வண்டி வாகனம் கிடையாது, குழந்தையைக் கூட்டிப் போய் நாளைக்கு நன்றாக ஓய்வெடுங்கள் என்று அவர் சொன்னதை அப்பா எங்களுக்குத் தமிழில் சொன்னார். ஓய்வு என்ற சொல்லை அவர் சொன்ன விதமே, ஏதோ தீர்ப்பு வந்துவிட்டது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ஓட்டல் அறையில் குட்டிக் குக்கரில் புளிச்சோறு கிளறிக் கட்டினாள். எனக்கு மாற்றுத் துணியாக மஞ்சள் கவுன் ஒன்றையும் எடுத்து வைத்தாள். அப்பா சாம்பிள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அது எதுக்குங்கப்பா?" என்று கேட்டேன். "ஓட்டல்ல வெச்சுட்டுப் போறதா? கதவைத் தொறக்க அவனுக கிட்டயும் ஒரு சாவி இருக்குது கண்ணு" என்றார். பட்டணம் முழுவதும் அந்தப் பையைத் திருடத்தான் காத்திருந்தது என்பது அவர் எண்ணம்.

படகில் எங்களுக்கு முன் வரிசையில் ஓர் உயரமான வெள்ளைக்காரர் சாம்பல் நிறப் பனியன் போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பா சற்று நேரம் கடலைப் பார்த்தார். பிறகு பனியனைப் பார்த்தார். அதற்குப் பிறகு நடந்தது அவருக்கே தெரியாமல் நடந்தது. அவருடைய கை நீண்டு, அந்த மனிதரின் பனியன் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்லத் தேய்த்து, புரட்டி, உள்பக்கத் தையலையும் பார்த்தது. எங்களூரில் பஸ்ஸில் வேற்றாள் பனியனை இப்படித் தொட்டுப் பார்த்தால் அவரும் திரும்பி, "நூத்தி அறுவது கிராமுங்க, நம்ம கம்பெனிதான்" என்று துணியின் கனத்தையும் சேர்த்துப் பதில் சொல்வார். இந்த மனிதர் துள்ளி எழுந்து தன் பர்ஸைத் தடவிப் பார்த்தார்.

"சாரி சார், நைஸ் ஃபேப்ரிக், நைஸ் ஃபேப்ரிக்" என்றார் அப்பா. அந்த மனிதர் வேறு இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பாவும் சிரித்துவிட்டார். அந்தப் பயணத்தில் நாங்கள் மூவரும் ஒன்றாகச் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

தீவில் உண்மையிலேயே வண்டி சத்தம் இல்லை. சைக்கிள் மணி மட்டும் கேட்டது. மீனை வட்டத் தட்டுகளில் பரப்பி வீதியோரம் காயப் போட்டிருந்தார்கள். வாசலில் உட்கார்ந்து சீட்டாடிய கிழவர்கள் எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. எங்கள் கொட்டகையில் இருபது மெஷின் சத்தத்திலேயே வளர்ந்த எனக்கு அந்த அமைதி முதலில் காது அடைத்துக்கொண்டது போல இருந்தது, பிறகு பிடித்துப் போயிற்று. தீவின் மறுபக்கத்தில் வளைந்த சிறு கடற்கரை. அலை பெரிதாக இல்லை. நான்கைந்து குடும்பங்கள் விரிப்புப் போட்டு உட்கார்ந்திருந்தன.

அப்பா ஒரு மர நிழலில் உட்கார்ந்ததும் மாமாவுக்குப் போன் போட்டார். "நாளைக்குக் கையெழுத்துங்க மாமா. செவ்வாக்கெழமை மேசையில துணிய விரிச்சரலாம். எல்லாம் உங்க கைராசிதானுங்க." போனை வைத்தவர் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். பல மாதமாகச் சரியாகத் தூங்காதவர், இரண்டு நிமிடத்தில் குறட்டை விட்டார்.

நான் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டால் கிடைக்காது என்று தெரியும். பவானிக்குப் போனால்கூட என் சடையைப் பிடித்துக்கொண்டுதான் படியில் இறக்கி விடுவாள் அம்மா. ஆனால் அன்றைக்கு அவளாகவே, "தண்ணியில ஆடறயா கண்ணு?" என்று கேட்டாள்.

அப்பாவின் தலையை மெல்லத் தூக்கி, பையை உருவி, தன் துண்டை மடித்து அங்கே வைத்தாள். பையைத் திறந்து ஒரு கவரைப் பிரித்துச் சிவப்பு வெள்ளைப் பனியனை எடுத்தாள். அதில் கெட்டி நூலில் ஓர் அட்டை தொங்கியது. கைப்பையிலிருந்து தன் நூல் வெட்டும் கட்டரை எடுத்து அதை நறுக்கி, அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டாள். எனக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் எந்தப் பனியனையும் எதையாவது வெட்டாமல் போட்டதில்லை. மஞ்சள் கவுன் இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் நல்ல கவுனை உப்புத் தண்ணீரில் நனைப்பார்களா?

"போ கண்ணு. நல்லா ஆடு" என்றாள்.

முழங்கால் அளவில் நின்றேன். "இன்னங் கொஞ்சம் உள்ள போ" என்றாள். இடுப்பு வரை போனேன். "உக்காரு. கழுத்து வரைக்கும் முங்கு" என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் கணுக்கால் தண்ணீரில் வந்து நின்றாள். இரண்டு சீனத்துச் சிறுமிகள் ஒரு பந்தை என்னிடம் எறிந்தார்கள். நான் திருப்பி எறிந்தேன். பெயர் கேட்காமல், ஒரு வார்த்தை பேசாமல் நாங்கள் சிநேகிதமானோம். எவ்வளவு நேரம் ஆடினேன் என்று தெரியாது. விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிற்று. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. அம்மா ஒரு முறைகூட வெளியே வா என்று கூப்பிடவில்லை.

வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். பனியனில் வெள்ளைப் பட்டையே இல்லை. சிவப்புக்கு அடுத்து ரோஸ், ரோஸுக்கு அடுத்து சிவப்பு என்று ஒரே தினுசாக இருந்தது. என் முழங்கையில் ரோஸ் தண்ணீர் வழிந்தது. நான் பயந்துபோய் அம்மாவைப் பார்த்தேன். அவள் பயப்படவில்லை. செக்கிங் மேஜையில் உட்காரும்போது இருக்குமே, அந்த முகத்தோடு பனியன் ஓரத்தைப் பிடித்துத் தன் வெள்ளைக் கைக்குட்டையில் பிழிந்தாள். கைக்குட்டை சிவந்தது. "போயி அப்பாவை எழுப்பு. பசிக்குதுன்னு சொல்லு" என்றாள்.

எழுப்பினேன். கண்ணைத் திறந்த அப்பா முதலில் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பனியனைப் பார்த்தார்.

"ஆரு இதைப் போட்டு உட்டது?" என்று அவர் கத்தியதில் பக்கத்து விரிப்பில் இருந்தவர்கள் திரும்பினார்கள். என்னை ஒரு நாளும் அடிக்காதவர் கையை ஓங்கிவிட்டார். அம்மா நடுவில் வந்து நின்றாள். "நாந்தானுங்க. ரிஜெக்ட் பீஸுன்னு நெனச்சுப் போட்டுட்டனுங்க" என்றாள்.

"பத்து வருசமாச் செக்கிங்ல உக்காந்துருக்கற, ரிஜெக்ட் எது, சாம்பிள் எதுன்னு தெரியாதா உனக்கு? அறிவுன்னு ஒண்ணு இருக்குதா? நாளைக்கு எதைக் கொண்டுட்டுப் போயி அந்தம்மா மின்னால நிப்பேன்?"

இன்னும் என்னென்னவோ சொன்னார். அந்நிய தேசத்தில், யாருக்கும் புரியாத மொழியில் திட்டு வாங்குவது கொஞ்சம் பரவாயில்லை என்று யாராவது நினைத்தால், இல்லை. நான் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் காலடி மணலில் ரோஸ் நிறச் சொட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. அப்பாவும் அதைப் பார்த்திருக்க வேண்டும். பேச்சு பாதியில் நின்றது. குனிந்து பனியன் ஓரத்தைப் பிழிந்தார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். மறுபடி பிழிந்தார். அம்மா கைக்குட்டையை நீட்டினாள்.

அதற்குப் பிறகு அவர் கத்தவில்லை. பையிலிருந்து இரண்டாவது பனியனை, நனையாமல் புத்தம் புதிதாக இருந்ததை, எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நாளைக்கு அதைக் காட்டினால் போதும். காய்ந்த பனியன் யாரிடமும் எதையும் சொல்லாது. கடைசியில் போனை எடுத்துக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் மாஸ்டரைக் கூப்பிட்டார். "நாஞ் சொல்ற வரைக்கும் ஒரு துண்டுத் துணி வெட்டக் கூடாது" என்றார். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்கும். "சொன்னதைச் செய்யப்பா" என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை ஆபீசில் அப்பா இரண்டு பனியனையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என் மனைவி தவறுதலாகக் குழந்தைக்குப் போட்டுக் கடலில் விட்டுவிட்டாள், நல்லவேளையாகப் போயிற்று, துணியை இன்னும் வெட்டவில்லை, திரும்பச் செய்து தருகிறேன் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பனியனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஆர்டர் பாதியாகக் குறைந்தது, தேதி மூன்று வாரம் தள்ளிப் போனது. ஆனால் கிடைத்தது. அந்தத் துணி அப்படியே கப்பலேறியிருந்தால், ஏதோ ஒரு கடற்கரையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ரோஸ் நிறத்தில் கரையேறியிருப்பார்கள். அதோடு எங்கள் கொட்டகைக்குப் பூட்டுத்தான்.

ஊர் திரும்பியதும் அப்பா நேராக அத்தை வீட்டுக்குப் போனார். "அக்கா, உன்ற தம்பி பொண்டாட்டி பண்ணுன கூத்தைக் கேளு" என்று ஆரம்பித்தார். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கின பிறகு மாமாவே, "கடத்தண்ணிக்கு எந்தச் சாயம் நிக்கும்? சரி உடு மாப்பிள்ள, புது நூலு வாங்கிக் குடு. இந்த வாட்டி நானே பக்கத்துல நின்னு அலசித் தர்றேன்" என்றார். சொன்னபடி நின்று செய்தும் கொடுத்தார். யாரும் யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை முழுவதும் கடலுக்கும் என் அம்மாவின் தலைக்கும் போய்விட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் போக்குவரத்து இன்றைக்கும் இருக்கிறது. கல்யாணங்களில் அத்தை கதையை ஆரம்பித்தால் அப்பா மட்டும் எழுந்து கை கழுவப் போய்விடுவார்.

இப்போது நான் வெளிநாட்டுப் பையர்களுக்காக வாங்கும் ஒரு பையிங் ஆபீசில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். முதல் மாதம் என் கையில் ஒரு பி.பி. சாம்பிள் வந்தபோது, சாம்பிள் என்று காட்டுவதற்காக அதில் அட்டையைக் கட்டியிருந்த கெட்டி நூலை விரலால் இழுத்துப் பார்த்தேன். அறுபடவில்லை. ஊசி ஓட்டையை விடாத என் அம்மாவா, கவரில் போட்டு அட்டை கட்டின பனியனைக் கழிசல் என்று நினைத்தாள்? அன்று வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "பழைய சங்கதி இப்ப எதுக்கு கண்ணு? சட்னியைப் போட்டுக்க" என்றாள். இத்தனை வருடம் கூட்டத்துக்கு நடுவில் அவளோடு உட்காரக் கூச்சப்பட்டு, வேறு வரிசைக்குப் போய் உட்கார்ந்ததெல்லாம் நினைவு வந்து, தட்டோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திரும்பும் படகில், நான் அவளைப் பற்றி நினைத்தது வேறு. மஞ்சள் கவுனில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா மூன்று வரிசை தள்ளித் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஓங்கின கை என் மனதில் இன்னும் ஓங்கியபடியே இருந்தது. தவறு என்னுடையது இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமில்லை.

"நான் ஒண்ணும் பண்ணலைங்கப்பா" என்றேன். "அம்மாதான் எடுத்துப் போட்டு உட்டாங்க. கவுனு பையிலயே இருந்துச்சுங்கப்பா. கழுத்து வரைக்கும் முங்கச் சொன்னதும் அம்மாதான். உங்களை எழுப்பச் சொன்னதும் அம்மாதான்."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "அதுல அட்டை ஒண்ணு கட்டியிருந்துச்சே கண்ணு?"

"அதைக் கட்டர்ல வெட்டி முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்காங்க."

அவர் அம்மா இருந்த பக்கம் பார்த்தார். அம்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படகு ஒரு பெரிய கப்பலைக் கடந்து போகிற வரைக்கும் அவர் பார்வையை எடுக்கவில்லை. பிறகு என் தலையில் கை வைத்து, "இதை ஊருல ஆருகிட்டயும் சொல்லக் கூடாது கண்ணு. அத்தைகிட்ட சொல்லவே கூடாது. அம்மா தெரியாமப் போட்டு உட்டுட்டா. அவ்வளவுதான், செரியா?" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

அவர் எழுந்து போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "சாப்டயா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. "இல்லீங்க" என்றாள் அம்மா. காலையில் கட்டின புளிச்சோற்று டப்பாவை அப்பாவே திறந்து, அவள் மடியில் வைத்தார். வீட்டில் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத மனிதர். அம்மா சாப்பிடத் தொடங்கினாள். சாப்பிடும்போது அழுதாளா என்று என் இடத்திலிருந்து தெரியவில்லை.

அப்பா எவ்வளவு நல்லவர் என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய நஷ்டத்தைச் செய்தவளுக்குச் சோறும் எடுத்து வைத்து, அவளுடைய முட்டாள்தனம் வெளியில் தெரியாமல் மறைக்கவும் சொல்கிறாரே. பாவம் அம்மா, என்றும் நினைத்தேன். நல்லவள்தான், ஆனால் ஒன்றும் தெரியாதவள். என்னால் முடிந்ததைச் செய்வோம் என்று கண்ணை மூடிக் கைகூப்பி, எங்கள் குலசாமியைக் கூப்பிட்டேன். அத்தனை தூரத்துக்குக் கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் சத்தமாகவே, சாமி, எங்க அப்பாவுக்கு எப்பிடியாச்சும் ஆர்டர் கெடைக்கோணும், எங்க அம்மாவுக்குக் கொஞ்சமாச்சும் புத்தி குடு சாமி, என்று வேண்டிக்கொண்டேன்.